சாத்திரமும் சாட்சிக் கூண்டும்

சாத்திரத்திற் பிழை இருக்கக் கூடுமா?

இக்கேள்வியைக் கேட்பவனை நாத்திகன் என்றும், குலத்துரோகி என்றும், பிற மதத்தாரின் கைக்கூலி என்றும் ஏசுவோர் நம்மிடையே இன்றும் உளர். பதுளைக் கடைவீதியிலே, பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களின் கோயில் முன்றில்களிலே, வெலிமடை மரக்கறித் தோட்டங்களின் வரம்புகளிலே இக்கேள்வி எழும்போதெல்லாம் பேச்சு இரண்டு முனைகளில் ஒன்றிற் போய் முட்டி நின்றுவிடுகின்றது. "நூலில் உள்ளதெல்லாம் மெய், ஐயுறுவது பாவம்" என்பது ஒரு முனை. "நூலில் ஒன்று பொய்யாயிற்று, ஆகவே கோயிலும் பொய், குருக்களும் பொய், திருநீறும் பொய்" என்பது மற்ற முனை. இரண்டும் தவறு என்பதே நமது கட்சி.

அக்கட்சியை ஒளிவுமறைவின்றி முதலிலேயே எடுத்துரைத்துவிடுகின்றோம். மழை ஏன் பெய்கின்றது, மலை ஏன் சரிகின்றது, நோய் எதனால் வருகின்றது, கிரகணம் எப்படி நிகழ்கின்றது என்பன போன்ற உலகியற் பொருள்களில் எந்தச் சமயத்தின் எந்த நூலும் பிழைபடக் கூடும், பிழைபட்டும் இருக்கின்றது. அப்பிழையை ஒப்புக்கொண்டதால் எந்தச் சமயமும் அழிந்ததில்லை. ஒப்புக்கொள்ள மறுத்ததால் மனிதர் அழிந்திருக்கின்றனர். இம்மூன்றையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். பண்டிதர்களின் பொழுதுபோக்குக்காக இதனை நாம் எழுதவில்லை. ஊவாவின் மலைச்சரிவுகளில் வாழும் நம் மக்களின் உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம் இது.

பாணந்துறையில் நடந்தது

இற்றைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர், 1873ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 26ஆம் 28ஆம் தேதிகளில், பாணந்துறையில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடியிருக்க ஒரு பெரு வாதம் நிகழ்ந்தது. பௌத்தத்தின் பக்கம் நின்றவர் மீகெட்டுவத்தே குணானந்த தேரர். கிறிஸ்தவத்தின் பக்கம் நின்றவர்கள் வெஸ்லியன் போதகர் தாவீது த சில்வாவும் உபதேசியார் சிறிமான்னவும். ஆன்மா உண்டா, நிர்வாணம் யாது என்னும் விசாரணைகளுக்கிடையே மேரு மலையும் வழக்குக்கு வந்தது. கடலுக்கு மேலே 84,000 யோசனையும் கடலுக்குக் கீழே 84,000 யோசனையும் கொண்ட மேரு என்றொரு மலை இப்பூமியில் இருத்தல் இயலாது. ஆகவே அதைக் கூறிய நூல் பிழை. ஆகவே அந்நூலின் சமயமும் பிழை என்பது கிறிஸ்தவர் கட்சி. குணானந்த தேரர் சளைத்தவரல்லர். நியூட்டனின் கொள்கையை மறுத்து மொறிசன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய நூலொன்றைத் துணைக்கு எடுத்து, "உங்கள் விஞ்ஞானமே ஐயத்துக்கிடமாயிருக்க, அதைக்கொண்டு எமது மேருவை மறுப்பது எப்படி?" என்ற பொருள்பட எதிர்வாதம் செய்தார்.

இவ்வழக்கை இன்று திரும்பிப் பார்ப்போர்க்கு ஒன்று தெளிவாகும். ஒவ்வொரு கட்சியும் மாற்றான் நூலை நிறுக்க ஒரு தராசும் தன் நூலை நிறுக்க மற்றொரு தராசும் வைத்திருந்தது. பௌத்தரின் மேருவை அளக்கப் பூகோள சாத்திரத்தை அழைத்தவர்கள், யோசுவாவின் சொல்லுக்குச் சூரியன் அசையாது நின்றதென்னும் தம் வேதக் கதையை அதே பூகோள சாத்திரத்தின் முன் நிறுத்த ஆயத்தமாயிருந்தார்களா? கலிலியோவை 1633இல் மண்டியிட வைத்தது அக்கதையைச் சொல்லுக்குச் சொல் மெய்யென்று கொண்ட பிடிவாதமன்றோ? அவ்வழக்கிற் சபையின் நீதிபதிகள் தவறினர் என்று போப்பாண்டவர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது 1992இல். அதற்கிடையில் ஓடிய ஆண்டுகள் 359!

முடிவு என்னவாயிற்று? மேரு மலை எவர் கண்ணிலும் படவில்லை. ஆயினும் பௌத்தம் வீழ்ந்ததா? பாணந்துறை வாதத்தின் அறிக்கையைப் படித்த கேணல் ஒல்கொட் 1880இல் இலங்கை வந்தார். பௌத்த பாடசாலைகள் எழுந்தன. அச்சமயம் முன்னிலும் வலுப்பெற்றது. 2005இல் விஞ்ஞானமும் பௌத்தமும் பற்றி நூலெழுதிய தலாய் லாமா, விஞ்ஞானம் ஒன்றை ஐயமற நிறுவினால் அதற்கு மாறான பழைய கொள்கையைப் பௌத்தர் கைவிட வேண்டுமென்று எழுதினார். மேருவை நடுவாகக் கொண்ட பழைய உலகப் படத்தையும் அவர் கைவிட்டார். அவருடைய தவத்துக்கு அதனால் என்ன குறை வந்துவிட்டது? காலாமர்களுக்குப் புத்தர் செய்த உபதேசத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பாகவும் இராது. நூலில் உள்ளதென்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை ஏற்காதே என்பது அவ்வுபதேசத்தின் பொருள்.

நமது வீட்டுக் கதை

"பௌத்தரும் கிறிஸ்தவரும் எக்கேடு கெட்டால் நமக்கென்ன? நம் சாத்திரத்திற் குற்றமில்லை" என்று மகிழ்வோர் சற்றுப் பொறுக்க வேண்டும். நமது வீட்டுக்குள்ளும் வருவோம்.

இராகுவும் கேதுவும் சூரிய சந்திரரை விழுங்குவதே கிரகணம் என்பது புராணம். பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவதே சந்திர கிரகணம் என்று கி.பி. 499 அளவில் எழுதிய ஆரியபட்டர் எந்தத் தேசத்தவர்? பூமி தன் அச்சிற் சுழல்கின்றது என்று எழுதியவரும் அவரே. வெள்ளைக்காரன் கப்பலேறுமுன் ஆயிரம் ஆண்டுகள் கழியவிருந்த காலம் அது. அவருக்குப் பின் 628இல் நூலெழுதிய பிரமகுப்தர் தாமும் நிழற்கணக்கைக் கொண்டே கிரகணத்தைக் கணித்தார். எனினும் இராகுவை மறுத்தவர்களை வேத வழக்குக்கு மாறுபட்டவர்களென்று கண்டித்தார். ஏறக்குறைய 1030இல் பாரதத்தைப் பற்றி எழுதிய அல்பிரூனி இதைக் கண்டு மனம் நொந்து, இத்துணை அறிவாளர் இப்படி வளைந்து கொடுக்கலாமா என்று வினவினார். கையிலே உண்மையை வைத்துக்கொண்டு வாயாற் பொய்யை வணங்கும் நோய் அன்றைக்கே தோன்றிவிட்டது. அந்நோய் இன்னும் நம்மை விட்டபாடில்லை.

யாழ்ப்பாணத்திலும் இதனையொத்த வழக்கொன்று நிகழ்ந்ததுண்டு. 1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்துச் சந்திர கிரகணத்தைப் பற்றி அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு கணக்கும், வட்டுக்கோட்டைச் செமினரியின் டானியல் பூவர் மற்றொரு கணக்கும் கூறினர். கிரகணம் செமினரியின் கணக்குப்படியே வந்தது. இதனைச் சைவத்தின் தோல்வியென்று அன்று பறைசாற்றியவர்கள் உளர். நமக்கோ அதிற் காணப்படுவது வேறு. பஞ்சாங்கக்காரரும் இராகுவைக் கேட்டு நேரம் குறிக்கவில்லை. நிழலைக் கணக்கிட்டே குறித்தார். ஒரு கணக்கு மற்றொரு கணக்கினும் நுட்பமாயிருந்தது, அவ்வளவே. சைவம் அன்று கூண்டில் ஏறவே இல்லை. ஏறாத ஒன்று தோற்பது எங்ஙனம்?

நிற்க. சைவ சித்தாந்தம் உண்மையை அளக்கும் அளவைகளாகக் காட்சி, கருதல், உரை என்பவற்றை வைத்திருக்கின்றது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் இறைவனைப் பற்றிப் பேசுமுன் அளவையைப் பற்றிப் பேசுகின்றது. அளக்கும் கோல் எது என்று முடிவு செய்யாமல் அளக்கத் தொடங்கக் கூடாதென்னும் நேர்மை அது. சித்தாந்திகளோடு மாறுபட்ட சங்கரரும் தமது கீதையுரையில், நெருப்புக் குளிர்ந்ததென்று நூறு வேத வாக்கியங்கள் கூறினும் அவை பிரமாணமாகா என்னும் கருத்தை எழுதியிருக்கின்றார். வேதத்தைத் தலைமேற் கொண்ட சங்கரரே வேதத்துக்கு எல்லை வகுத்திருக்க, அவர் பெயரைச் சொல்லிப் பிழைப்பவர்கள் எல்லையே இல்லையென்று கூவுவது எந்த நியாயத்தின்பாற்படும்? இஸ்லாமிய நண்பர்களுக்கும் இது புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ருஷ்து, நிறுவப்பட்ட உண்மையோடு வேதத்தின் வெளிப்பொருள் மாறுபடுமாயின் வேறு பொருள் கொள்ள வேண்டுமென்று எழுதினார், அவர் நீதிபதியாயிருந்தவர்.

சட்டம் காட்டும் நியாயம்

நீதிமன்றம் ஏறியிறங்கியவர்கள் நாம். ஆகவே சட்டத்தின் நியாயத்தையும் சிறிது கூறுவோம். நமது நாட்டின் 1895ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், கண்ட ஒன்றைப் பற்றிக் கண்டவனே வந்து சொல்ல வேண்டுமென்கின்றது. விசேட அறிவு வேண்டும் விடயத்தில் அவ்விடயத்தில் தேர்ந்தவனின் அபிப்பிராயத்தை ஏற்கலாமென்கின்றது. கையெழுத்து நிபுணரைக் கொண்டுவந்து கூண்டில் நிறுத்தி, இறந்தவன் குடலில் இருந்த நஞ்சு யாதென்று எந்த வழக்கறிஞனாவது வினவுவானா? வினவினால் நீதவான் சிரிப்பார். கையெழுத்தைப் பற்றி அவர் கூறியது அதனாற் பொய்யாகிவிடுமா? ஆகாது.

சமய நூலின் நிலையும் இதுவே. அன்பு, அடக்கம், தவம், கொல்லாமை, மரணத்தின் முன் மனிதன் நிற்க வேண்டிய நிலை ஆகியவற்றைப் பற்றி அதனிடம் கேளுங்கள். அத்துறையில் அது பல நூற்றாண்டு அனுபவம் வாய்ந்த சாட்சி. தேயிலைச் செடிக்குக் கொப்புள நோய் ஏன் வருகின்றதென்று கேட்டால் அது என் செய்யும்? கேட்கக் கூடாததைக் கேட்டவன் மேலன்றோ குற்றம்?

"ஒன்றிற் பொய் கூறிய சாட்சி முழுதும் பொய்யனே" என்று மறுப்பார் உளர். இது பழைய இலத்தீன் மூதுரை. நமது நீதிமன்றங்கள் இதனை இறுகிய விதியாகக் கொள்வதில்லை. உமியையும் மணியையும் பிரித்தெடுப்பதே நீதிபதியின் கடமை. மூதுரையை நம்பி எல்லாச் சாட்சிகளையும் தள்ளினால் எந்த வழக்குமே முடியாது. மத வெறியனும் மதத்தை முற்றாக வெறுப்பவனும் இந்த மூதுரையையே தம்மையறியாமற் பிடித்துக்கொண்டிருக்கின்றனர். ஒருவன் முழுதும் மெய்யென்று காக்க ஓடுகின்றான். மற்றவன் முழுதும் பொய்யென்று கொளுத்த ஓடுகின்றான். பிரித்தெடுக்கும் உழைப்புக்கு இருவரும் சோம்பர்.

விமானம் தேடுவோர்

பிழையே இல்லை என்பவரினும் நாட்டுக்குக் கேடு செய்பவர் வேறொரு கூட்டத்தார். விஞ்ஞானம் கண்டதெல்லாம் சாத்திரத்தில் ஏற்கெனவே உண்டு என்பது அவர்கள் பல்லவி. அணுகுண்டும் உண்டாம், ஆகாய விமானமும் உண்டாம். நமது ஊவாவில் இவர்களுக்கு விளைச்சல் அதிகம். எல்லவில் இராவணன் குகையும் நீர்வீழ்ச்சியும் உண்டு. மகியங்கனைப் பக்கத்து வேரகந்தொட்டையைப் புட்பக விமானம் இறங்கிய இடமென்று உல்லாசப் பயணிகளுக்குக் காட்டுகின்றனர். கதையாகக் காட்டினால் நமக்கு ஆட்சேபமில்லை. கதையில்லாத மலை எந்த நாட்டில் உண்டு? ஆனால் 2020ஆம் ஆண்டு யூலையில் நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையே இராவணனின் விமானத்தைப் பற்றிய ஆவணங்கள் இருந்தால் தருமாறு பொதுமக்களுக்கு விளம்பரம் செய்தது. கொரோனா நோயினால் விமான நிலையங்கள் மூடிக்கிடந்த காலத்தில் அதிகாரசபைக்கு வாய்த்த வேலை இதுவோ?

பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தைச் சேர்ந்த ஐவர், பண்டை முனிவர் அருளியதாகச் சொல்லப்படும் வைமானிக சாஸ்திரத்தை ஆராய்ந்து 1974இல் முடிவை வெளியிட்டனர். அந்நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதிற் கூறிய பொறிகள் பறக்க மாட்டா என்பது அம்முடிவு. ரைட் சகோதரர் பறந்தது 1903இல். அதற்கு முந்திய ஆயிரம் ஆண்டுகளில் எந்தப் பண்டிதராவது நூலைப் படித்து ஒரு விமானத்தைக் கட்டினாரா? பிறன் கண்டுபிடிக்கும் வரை வாளாவிருந்து, கண்டுபிடித்த மறுநாள் "இது எங்கள் பாட்டன் சொத்து" என்று உரிமை கோருபவனை உறுதிச் சட்டம் அறிந்த எவனும் அறிவான். உறுதியைக் காட்டு என்றால் அவனிடம் உறுதி இராது.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி இலங்கையின் முதலாவது சிறு செய்மதி விண்ணில் ஏற்றப்பட்டது. ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையுள்ள அதற்கு 'இராவணா-1' என்று பெயரிட்டனர். பெயர் நன்று; மகிழ்கின்றோம். ஆனால் அதனைச் செய்த இலங்கை இளைஞர் இருவரும் இராமாயணத்தைப் புரட்டிச் செய்யவில்லை. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் அமர்ந்து கணக்குப் போட்டுச் செய்தனர். பதுளை மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைக்கு வேண்டியது அந்தக் கணக்கு. உயர்தர வகுப்பில் பௌதிகவியலும் இரசாயனவியலும் தமிழிற் கற்பிக்க ஆசிரியர் போதாமல் நம் பிள்ளைகள் கலைப் பிரிவுக்குத் தள்ளப்படுகின்றனர். அவர்களுக்கு ஆசிரியரைத் தராமல் முப்பாட்டன் விமானத்தைத் தருவது பசித்தவனுக்குச் சோற்றின் படத்தைக் காட்டுவதற்கு ஒப்பாகும்.

அம்மையும் அம்மனும்

இனி நம் நெஞ்சுக்கு நெருங்கிய இடத்துக்கு வருகின்றோம். மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டத்தைக் காண்பதரிது. கடல் கடந்து, காடு கடந்து, வழியெல்லாம் பிணங்களைப் போட்டுவிட்டு வந்த நம் முன்னோர் துணையாகக் கொண்டு வந்தது அத்தாயை. பெரியம்மை வந்தால் "அம்மா இறங்கியிருக்கிறாள்" என்றனர், வேப்பிலை கட்டினர், மருந்து கொடுத்தால் அவள் சினப்பாளென்று அஞ்சினர்.

ஜென்னர் அம்மைப்பால் குத்தும் முறையைக் கண்டது 1796இல்; இலங்கையில் அது தொடங்கியது 1802இல். தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருக்கு மண்டபம் முகாமில் அம்மைப்பால் குத்தி அனுப்பினர். உலகெங்கும் குத்திக் குத்தி, கடைசி நோயாளியையும் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்தி, 1980ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் தேதி பெரியம்மை உலகை விட்டே ஒழிந்ததென உலக சுகாதார மகாசபை பிரகடனம் செய்தது. இனி எந்தக் குழந்தை உடம்பிலும் அவள் அந்த முத்தைப் போட மாட்டாள்.

சரி, அம்மை ஒழிந்தது, அம்மன் ஒழிந்தாளா? பதுளையிலும் பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் போய்ப் பாருங்கள். திருவிழாக்கள் நடக்கின்றன, கரகம் பாலிக்கப்படுகின்றது, தீமிதிக்கின்றனர். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் அதற்காகவே விடுமுறை பெற்று வருகின்றனர். நோயின் பயம் போயிற்று. தாயின் அன்பு நின்றது. சமயத்தைப் பற்றிய நமது வாதம் முழுவதற்கும் இதனினும் நல்ல சான்று வேறில்லை. அம்மையைப் பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த கருத்துப் பிழை. அது பிழையென்று தெரிந்த பின்னும் அவர்கள் வழிபட்ட தாய் நம் லயங்களின் நடுவே வீற்றிருக்கின்றாள். ஆதலால், விஞ்ஞானம் வந்தாற் கோயில் இடிந்துவிடும் என்று நடுங்குபவர்கள் தம் தெய்வத்தையே குறைவாக மதிக்கின்றார்கள்.

பயத்தை வளர்ப்பவர் ஒழிந்தாரில்லை. 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் கேகாலையில் காளியின் அருளாற் கிடைத்ததென்று ஒரு பாணி கொரோனாவுக்கு மருந்தாக விற்பனைக்கு வந்தது. மக்கள் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்தனர். அன்றைய சுகாதார அமைச்சரே அதனைப் பகிரங்கமாகப் பருகினார். அடுத்த மாதம், 2021 ஜனவரியில், அவருக்கே நோய் தொற்றியது. அவர் நலம்பெற்றது ஆஸ்பத்திரியில். காளியின் மேல் இதில் என்ன குற்றம்? அவள் பெயரைப் போத்தலில் அடைத்தவர் மேலும், அமைச்சுப் பதவியில் இருந்துகொண்டு அதற்கு விளம்பரம் செய்தவர் மேலுமே குற்றம்.

மலை சரிந்தபோது

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் தேதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு நின்ற இடத்திற் சேறு நின்றது. அந்நாட்களில் நாம் காதாற் கேட்ட சொற்கள் இன்னும் மறக்கவில்லை. "விதி" என்றனர். "முன்வினை" என்றனர். "கலிகாலம், சாத்திரத்தில் சொன்னபடியே நடக்கிறது" என்றும் சிலர் ஆறுதல் கூறினர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் விதியென்று அழுதால் அதைக் குறை கூற நமக்கு நாவில்லை. துயரத்தின் மொழி அது. ஆனால் பொறுப்பு வகிப்போரின் வாயில் அதே சொல் வரும்போது அது குற்றவாளியின் சமாதானமாகின்றது.

ஏனெனில் அம்மலையைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அவ்விடம் அபாயமுள்ளது, மக்கள் வேறிடம் செல்ல வேண்டும் என்பதே எச்சரிக்கை. செல்வது எங்கே? சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாதவன், லயத்தை விட்டு எந்த மலைக்குப் போவான்? மாற்று நிலம் கொடுத்து வீடு கட்டிக் கொடுக்க வேண்டியவர்கள் காலத்தைக் கடத்தினர். மலை காலத்தைக் கடத்தவில்லை.

மண்சரிவு எப்படி நிகழ்கின்றதென்பதை விளங்கிக்கொள்ளப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. நாட்கணக்கிற் பெய்யும் மழை மண்ணின் இடுக்குகளை நிரப்புகின்றது. மண்ணை மண்ணோடும் பாறையோடும் பிடித்து வைத்திருந்த உராய்வு தளர்கின்றது. கான்கள் தூர்ந்து நீர் வடிய வழியில்லாவிடிற் சரிவு தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாது நழுவுகின்றது. முன்னறிகுறிகளும் உண்டு. நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு விழும், மரங்கள் சாயும், புதிதாக ஊற்றுக் கிளம்பும், அல்லது இருந்த ஊற்றுக் கலங்கும். இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றர் பெய்தால் ஆயத்தம், 150 மில்லிமீற்றரை எட்டினால் வெளியேற்றம் என்று நிறுவனம் எண்களை வகுத்திருக்கின்றது. இந்த மூன்று எண்களையும் நம் மக்களில் எத்தனை பேர் அறிவர்? இராகு காலத்தை மனப்பாடமாகச் சொல்லும் நம் வீடுகளில் இந்த எண்கள் ஏன் சுவரில் எழுதப்படவில்லை? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளுக்குப் பல உயிர்களைக் கொடுத்தது. இன்னும் எத்தனை உயிர் கொடுத்தபின் நாம் கற்போம்?

"எல்லாம் தலையெழுத்து" என்பாரிடம் நாம் கேட்பதொன்றுண்டு. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டம் நம் மக்களைப் பிரசாவுரிமை அற்றவராக்கியது. அப்போதும் தலையெழுத்தென்றே சொன்னார்கள். 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம், எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை தந்தது. முன்னதை எழுதியவன் பிரமனாயின் அவன் எழுத்தைப் பாராளுமன்றம் எப்படி அழித்தது? மனிதர் எழுதியது, மனிதர் போராடி அழித்தது. மலைச்சரிவில் லயத்தைக் கட்டியவனும் மனிதனே. அதிலிருந்து மக்களை இறக்கி வைக்க வேண்டியவனும் மனிதனே.

விஞ்ஞானம் பிழைபடாதா?

"சாத்திரம் பிழைபடுமாயின் உங்கள் விஞ்ஞானம் மட்டும் பிழைபடாதோ?" என்று கேட்பவர்க்கு ஒளிக்காமல் விடை கூறுவோம். பிழைபடும், நூறு முறை பிழைபட்டிருக்கின்றது. இன்னும் மோசமானதும் உண்டு. விஞ்ஞானத்தின் பெயரை அதிகாரம் களவாடிக்கொள்ளும். 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்தோரைப் புதைத்தால் நிலத்தடி நீர் நஞ்சாகும் என்று கூறி எல்லாப் பிரேதங்களையும் எரிக்க அரசாங்கம் கட்டளையிட்டது. புதைப்பதால் ஆபத்தில்லையென்று உலக சுகாதார தாபனம் கூறியிருந்தது. முஸ்லிம் சகோதரரின் பிறந்து இருபது நாளேயான குழந்தையும் அவ்வாண்டு டிசெம்பரிற் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. நீதி கேட்டுச் சென்ற மனுக்களை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமலே தள்ளியது. 2021 பெப்ரவரியிற் கட்டளை மாறியது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நிபுணர் என்ற பட்டத்தோடு பேசியவர்களை அன்று நம்பியது தவறு. ஆதாரத்தைக் காட்டு என்று கேட்டிருக்க வேண்டும்.

வேறுபாடு எங்கே இருக்கின்றதென்றால், விஞ்ஞானத்துக்கு மேன்முறையீட்டு மன்றம் உண்டு. நேற்றைய தீர்ப்பை இன்றைய சான்று மாற்றும். மாற்றியவனுக்கு மாலை கிடைக்கும். சாத்திரத்தின் பெயரால் ஆள்பவர்களோ முதலாவது தீர்ப்பையே முடிந்த முடிவாக்கி, முறையிடுபவனைச் சிறையில் இடுகின்றனர். இது வெறும் உருவகமன்று. 2019 ஏப்ரலில் ஒரு சிங்களச் சிறுகதை ஆசிரியர், புத்த சமயத்தை இழிவுபடுத்தினார் என்னும் முறைப்பாட்டின்மேல், 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் கைதாகி நான்கு மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சுதந்திரம் தரும் பத்தாம் உறுப்புரை நமது அரசியலமைப்பில் இருக்கத்தான் இருக்கின்றது. அச்சுதந்திரத்தைக் காக்கவென்று ஆக்கப்பட்ட சர்வதேச உடன்படிக்கைச் சட்டமே அதனை நெரிக்கும் கயிறாயிற்று! இன்று சிங்களவன் கதைக்கு விழுந்த கயிறு நாளை தமிழன் கேள்விக்கு விழாதென்று எவர் உறுதி கூறுவார்?

செய்ய வேண்டியது

கோயிலை மூடுங்கள் என்று நாம் கூறவில்லை. திறந்தே வையுங்கள், இன்னும் அகலத் திறவுங்கள். அதன் முற்றத்தில் ஒரு மழைமானியை நாட்டுங்கள். பக்திப் பாடலைப் பரப்பும் அதே ஒலிபெருக்கியில், 75, 100, 150 என்னும் எண்களைக் கோயில் நிர்வாக சபை அறிவிக்கட்டும். 150ஐ எட்டிய இரவிலே பூசாரி ஐயா முதலாவதாக எழுந்து, "அம்மா உத்தரவு, எல்லாரும் இறங்குங்கள்" என்று சொல்லட்டும். அவர் வாய்ச்சொல்லுக்கு நம் மக்கள் கொடுக்கும் மதிப்பை உத்தியோகத்தரின் கடிதத்துக்குக் கொடுப்பதில்லை என்பதை நாமறிவோம். வைத்தியரும் ஆசிரியரும் சட்டத்தரணியும் ஊருக்குப் போகும்போது வெளிப்பிரகாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பாமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்து தாம் கற்றதைத் தமிழிற் சொல்லிக் கொடுக்கட்டும். விஞ்ஞான ஆசிரியரைக் கேட்டு மாகாணக் கல்வித் திணைக்களத்தின் வாசலில் பெற்றோர் திரளட்டும்; நாமும் உடன் நிற்போம். அபாய அறிக்கை உள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் அந்த அறிக்கையின் பிரதியைத் தலைவர்மார் எழுத்திற் கேட்டு வாங்கட்டும். தகவல் அறியும் உரிமைக்கு 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது. கொடுக்க மறுத்தால் மேன்முறையீடு செய்ய ஆணைக்குழுவும் இருக்கின்றது.

சாத்திரத்திற் பிழை இருக்கக் கூடுமா என்று கேட்டுத் தொடங்கினோம். இருக்கக் கூடும், இருக்கின்றது. அதனை எழுதியவர்கள் தம் காலத்துக்கு எட்டிய அறிவை நமக்கு வைத்துவிட்டுச் சென்ற பெரியோர். நம் காலத்துக்கு எட்டிய அறிவை நாம் நம் பிள்ளைகளுக்கு வைக்காமற் போவோமாயின், பிழை அவர்கள் மேலதன்று.

அடுத்த பருவமழை எவர் அனுமதிக்கும் காத்திராது. மழைமானி எந்தக் கோயிலில் முதலாவதாக நாட்டப்படும்?